முப்பத்தெட்டு மாமன்கள்

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் சிவஞானத்தைத் தெரியாத தமிழர் கிடையாது. ஆளைப் பார்த்தால் வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத சாது. ஒரு மத்திய அரசு இலாகாவில் யுடிசி குமாஸ்தா. காலையில் பஸ், மாலையில் பஸ், நடுவில் ஃபைல். ஆனால் தமிழ் என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் போதும், மனுஷனுக்குச் சாமி வந்துவிடும். டெல்லிக்கு வந்து பிள்ளைகளைத் தாய்மொழி தெரியாத தடிமாடுகளாக வளர்த்து வைத்திருக்கிறீர்களே, சோறுதானே தின்கிறீர்கள் என்று அடுத்த வீட்டுக்காரர்களைப் பிடித்து உலுக்கி எடுப்பார். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஏனென்றால் அவர் மகள் பூங்கோதை அப்படி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக் கூடத்தில் நாலைந்து பேர் கூடுவார்கள். காபி வரும். பின்னாலேயே பூங்கோதை வருவாள், கையில் அந்த வாரத்துத் தமிழ்ப் பத்திரிகையோடு. தொடர்கதையை ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழ வேண்டிய இடத்தில் குரல் தழுதழுத்து வாசிப்பாள். டெல்லியில் பிறந்த பெண்ணா இவள் என்று பெரியவர்கள் வாயைப் பிளப்பார்கள். சிவஞானம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த ஒரே பெரிய மனுஷத்தனம் அதுதான்.

மேல் மாடியில் இருக்கும் பரமசிவம் மட்டும் அந்த வாசிப்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பார். கோயம்புத்தூர்க்காரர், அவரும் குமாஸ்தாதான். அவருடைய மகள் ராஜாத்தியும் பூங்கோதையும் ஒரே வகுப்பு. ராஜாத்தியையும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லும்வே என்று சிவஞானம் வேண்டுமென்றே கிண்டுவார். அந்தப் பெண்ணுக்கு உடனே தலைவலி வந்துவிடும். கூச்சமுங்க அண்ணா, வீட்ல நல்லா வாசிப்பா என்று பரமசிவம் சமாளிப்பார். சிவஞானம் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் விஷம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எழுபத்தொன்பதாம் வருஷம் மார்ச்சில் இரண்டு பெண்களும் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதினார்கள். தமிழ்ப் பாடத்துக்கு ருக்கு டீச்சர் என்று ஒரு அம்மாள் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கெல்லாம் மாலையில் டியூஷன் எடுத்தாள். 'நான் மேற்கொண்ட பயணம்' என்று கட்டாயம் ஒரு கட்டுரை கேட்பார்கள், நல்ல தமிழில் ஒன்று எழுதிக் கொடுங்கள் சார் என்று அவள் சிவஞானத்திடம் கேட்டபோது, அவர் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தார். சின்ன வயதில் மாமனோடு மாமல்லபுரம் போன கதை. அலை வந்து மாமனின் வலக்கால் செருப்பை இழுத்துக்கொண்டு போய்விட்டது, அவ்வளவுதான் விஷயம். அதை அவர், 'ஆழியின் அலைக்கரங்கள் என் மாமனின் வலக்கால் பாதுகையைக் கவர்ந்து ஏகின' என்று எழுதியிருந்தார். டியூஷன் பிள்ளைகள் அத்தனை பேரும் அதைக் கரைத்துக் குடித்தார்கள். கேள்வித்தாளிலும் அதே தலைப்பு வந்தது. ருக்கு டீச்சர் கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

ஜூன் மாதம் ரிசல்ட் வந்தது. ஊருக்கெல்லாம் வந்தது, அந்தத் தேர்வு மையத்தில் தமிழ் எழுதிய முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வரவில்லை. கூட்டமாகக் காப்பியடித்த காரணத்தால் தமிழ்த் தாள் ரத்து, மறுதேர்வு செப்டம்பரில் என்று வாரியம் நோட்டீஸ் ஒட்டிவிட்டது.

சிவஞானம் அந்த நோட்டீசுக்கு முன்னால் நின்று மூன்று தடவை படித்தார். காப்பியா? என் மகளா? அதுவும் தமிழிலா? அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு வாரியத்துக்கு ஓடினார். அங்கே ஒரு அதிகாரி, ஃபைலைப் புரட்டி, தெற்கே விடைத்தாள் திருத்தியவரின் அறிக்கையைப் படித்துக் காட்டினார். முப்பத்தெட்டுப் பேரும் மாமனோடு மாமல்லபுரம் போயிருக்கிறார்கள். முப்பத்தெட்டு மாமன்களும் செருப்பைத் தொலைத்திருக்கிறார்கள், எல்லாரும் வலக்கால் செருப்பையே. தவிரவும், இவ்வளவு தேர்ந்த தமிழ் பள்ளிப் பிள்ளைகளால் எழுதக்கூடியது அல்ல. அந்தக் கடைசி வரி சிவஞானத்துக்கு அத்தனை கலவரத்திலும் கொஞ்சம் இனித்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் இனித்தது.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டார். மற்ற மக்குகள் மனப்பாடம் செய்து எழுதியது சரி, உனக்கு என்ன வந்தது, நீ சொந்தமாக எழுத வேண்டியதுதானே என்றார். பூங்கோதை தரையைப் பார்த்துக்கொண்டு, உங்க தமிழை மாத்த மனசு வரலப்பா என்றாள். மனுஷன் உருகிவிட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் உருகிக்கொண்டிருக்க நேரமில்லை. பூங்கோதைக்கு அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஜூலை முடிவதற்குள் மார்க் ஷீட்டைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும். செப்டம்பரில் மறுதேர்வு எழுதி என்ன பிரயோஜனம்? அந்தப் பெண் எட்டாம் வகுப்பிலிருந்து நர்ஸ், நர்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். சாப்பாட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். கோர்ட்டுக்குப் போங்க என்று முதலில் சொன்னது சிவஞானத்தின் மனைவி அம்சவேணி. ரேஷன் கடை வரிசையில் யாராவது அதட்டினாலே திரும்பி வந்துவிடுகிற பொம்பளை அவள். அவள் வாயிலிருந்து கோர்ட் என்ற வார்த்தை வந்ததைக் கேட்டு அவருக்கே ஆச்சரியம். எல்லாப் பெற்றோரும் சேர்ந்தார்கள். தமிழில் யார் அதிக மார்க் வாங்கி வந்தாளோ அவள் பேரிலேயே மனு போகட்டும் என்று முடிவாயிற்று, பூங்கோதை முதல் மனுதாரர் ஆனாள். பரமசிவத்துக்கு அதிலும் கொஞ்சம் வருத்தம்.

வக்கீல் ஏகாம்பரத்துக்கு கரோல் பாக்கில் ஒரு துணிக்கடைக்கு மேலே ஆபீஸ். கதை முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு குண்டைப் போட்டார்.

"ஒருத்தன் காப்பியடிச்சான்னு சொன்னா அவனைக் கூப்பிட்டு, நீ என்னப்பா சொல்றேன்னு கேட்டாகணும் சார். ஊரே அடிச்சதுன்னு சொல்லிட்டா ஒருத்தரையும் கேக்க வேண்டாம். மொத்தமா ரத்து பண்ணிட்டுப் போயிண்டே இருக்கலாம். சட்டம் இப்ப அப்படித்தான் இருக்கு."

சிவஞானம் அயர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார். தனியாகத் திருடினால் விசாரணை உண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நிரபராதியாக இருந்தால் விசாரணை கிடையாது. இது எந்த ஊர் நியாயம்? அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வக்கீல், பெண்ணோடு பத்து நிமிஷம் தனியாகப் பேச வேண்டும் என்றார். பெற்றோர் இருவரும் மாடிப்படியில் நின்றார்கள். கதவு திறந்தபோது பூங்கோதையின் கண் சிவந்திருந்தது, வக்கீலின் முகம் வெளுத்த வேட்டி மாதிரி பளிச்சென்று இருந்தது. கேஸ் நிற்கும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை, விசாரணை முடியும்வரை அந்தப் பெண்ணுக்கு யாரும் தமிழ் சொல்லிக் கொடுக்கக் கூடாது. கொல்லன் தெருவில் ஊசி விற்கவா போகிறேன் என்று சிவஞானம் சிரித்தார். வக்கீல் சிரிக்கவில்லை.

ஜூலை மூன்றாவது வாரம் ஹைகோர்ட்டில் வழக்கு வந்தது. நீதிபதி ஒரு பஞ்சாபிக்காரர், வெள்ளை மீசை. வாரியத்து வக்கீல் எழுந்து, மாமன்களையும் செருப்புகளையும் பற்றி இங்கிலீஷில் எடுத்துச் சொன்னபோது கோர்ட்டே குலுங்கியது. ஒன்று, பிள்ளைகள் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதினார்கள், இல்லாவிட்டால் ஹாலில் யாரோ நின்று சொல்லச் சொல்ல எழுதினார்கள், வேறு வழியே இல்லை என்றார். ஏகாம்பரம் எழுந்து, வேறு வழி இருக்கிறது, இவர்கள் மனப்பாடம் செய்தவர்கள் என்றார். நீதிபதி மீசையைத் தடவினார். நான்கு பக்கத்தை, முற்றுப்புள்ளி மாறாமல், முப்பத்தெட்டுப் பேருமா? நம்ப முடியவில்லையே என்றார்.

ஏகாம்பரம் இதற்குத்தான் காத்திருந்தவர் போலப் பேசினார். இதோ பிள்ளைகள் எல்லாரும் வந்திருக்கிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீலே ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும். நீதிபதி அவர்களே ஒரு புதுத் தலைப்புக் கொடுக்கட்டும். பிள்ளையைத் தனி அறையில் உட்கார்த்தி எழுதச் சொல்லுவோம் என்றார்.

வாரியத்து வக்கீல் யோசித்தார். முதல் மனுதாரர்தான் தமிழில் அதிக மார்க் வாங்குகிறவளாம், அவளே எழுதட்டும் என்றார். சிவஞானத்துக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நீதிபதி ஒரு தலைப்பைச் சீட்டில் எழுதினார். தமிழ் தெரிந்த கோர்ட் ஊழியர் ராமன் என்று ஒருவர் இருந்தார், வயதானவர். அவர் அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, வாய் திறக்காமல் பூங்கோதையிடம் கொடுத்து, பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். போகும்போது பூங்கோதை திரும்பி அப்பாவைப் பார்த்தாள். சிவஞானம் தைரியமாகத் தலையை ஆட்டி அனுப்பினார். அவள் போன பிறகுதான், 'டெல்லியில் மழை' என்று நீதிபதி தலைப்பைக் கோர்ட்டுக்குச் சொன்னார்.

வராந்தாவில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழையைப் பற்றி அவள் எழுதினால் நனையாமல் யாரும் படிக்க முடியாது என்று பரமசிவத்திடம் சொன்னார். பரமசிவம் உதட்டைக் கடித்துக்கொண்டார். அம்சவேணி மட்டும் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று, புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பயப்படாதட்டி, அவ யாரு மக என்று அவளையும் தேற்றினார்.

மறுபடி எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்கள். ராமன் பூங்கோதை எழுதிய தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

"கதிரவன் கடலாடி எழுந்த காலைப்பொழுதில், யானும் என் மாமனும் மாமல்லபுரம் நோக்கிப் புறப்பட்டோம்..."

சிவஞானம் முதலில், ராமன் தவறான தாளை எடுத்துவிட்டார் என்று நினைத்தார். அடுத்த வரி. அதற்கு அடுத்த வரி. அவர் எழுதிய வரிகள், ஒரு எழுத்து பிசகாமல் வந்துகொண்டே இருந்தன. மழை எங்கே? டெல்லி எங்கே? ஐயோ, கேள்வியைப் படிக்காமல் எழுதிவிட்டாளா பாவி? ராமன் ஒவ்வொரு வரியாக வாசித்து, உடனுக்குடன் நீதிபதிக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு போனார். செருப்பு கடலோடு போன இடத்தில் நீதிபதி வாய்விட்டுச் சிரித்தார். விடைத்தாளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு வித்தியாசமும் இல்லை என்றார் ராமன்.

நீதிபதி பூங்கோதையை அருகில் அழைத்தார். குரல் கனிவாகத்தான் இருந்தது. இந்தியில் கேட்டார்.

"பேட்டி, சவால் க்யா தா?"

கேள்வி என்னம்மா என்று கேட்கிறார். சுலபமான கேள்விதான். பூங்கோதை ஒரு தடவை அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"மாலூம் நஹீ, சார். முஜே தமிழ் பட்னா நஹீ ஆதா."

தெரியாது சார், எனக்குத் தமிழ் படிக்க வராது. அவள் இந்தியிலேயே விளக்கினாள். பேச வரும், படிக்க வராது. ருக்கு டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போடுவதைப் படம் வரைகிற மாதிரி நூறு தடவை வரைந்து பழகுவார்கள். கட்டுரை, கடிதம், செய்யுள், எல்லாமே அப்படித்தான். கேள்வியில் எந்த வார்த்தையின் உருவம் இருந்தால் எதை எழுத வேண்டும் என்பது மட்டும் தெரியும். இன்று கொடுத்த தாளில் தெரிந்த உருவம் ஒன்றுமே இல்லை. அதனால் கைக்கு வந்ததை எழுதினேன் என்றாள்.

சிவஞானத்தின் காதில் யாரோ ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார்கள். பொய் சொல்லுகிறாள், கேசுக்காகப் பொய் சொல்லுகிறாள் என்று எழுந்து கத்த நினைத்தார். எப்படிப் பொய்யாக இருக்க முடியும்? கையெழுத்துச் சாட்சியாக நான்கு பக்கம் அங்கே கிடந்ததே. பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நீதிபதி அப்போதே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். அறையில் இவள் தனியாக இருந்தாள். யாரையும் பார்த்து எழுதவில்லை, யாரும் சொல்லித் தரவில்லை. ஆக, மார்ச் மாதத்திலும் பார்த்து எழுதியிருக்க வேண்டிய அவசியமில்லை. கூட்டமாக மனப்பாடம் செய்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. தான் அதிக மார்க் வாங்கும் மொழி இந்த மனுதாரருக்குத் தெரியாது என்பது இந்த நீதிமன்றத்துக்குத் திருப்திகரமாக நிரூபிக்கப்பட்டிருக்கிறது, அது ஒரு குற்றமல்ல. ரத்து செல்லாது. முப்பத்தெட்டுப் பேரின் ரிசல்ட்டையும் ஒரு வாரத்துக்குள் வெளியிட வேண்டும்.

வராந்தாவில் ஒரே கும்மாளம். யாரோ ஒருத்தர் வக்கீலைத் தோளில் தூக்கப் பார்த்தார். சிவஞானம் ஒரு மூலையில் மனைவியைப் பிடித்து நிறுத்தினார்.

"உனக்குத் தெரியுமாட்டி?"

"தெரியும்," என்றாள் அம்சவேணி.

"அப்போ ஞாயித்துக்கிழமை?"

"சனிக்கிழமை மத்தியானம் நீங்க ஆபீஸ்ல இருக்கையில நான் வாசிச்சுக் காட்டுவேன். ரெண்டு தடவை கேட்டா அவளுக்குப் பதிஞ்சிரும். பத்திரிகைய வெறுமனே கையில பிடிச்சுக்கிடுவா."

எத்தனை வருஷமாக என்று கேட்டார். அவள் சொன்னாள். பூங்கோதை நாலாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு நாள் விருந்தாளிகளுக்கு முன்னால் வாசிக்கச் சொல்லி, அவள் எழுத்துக் கூட்ட முடியாமல் திணறி, எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல், சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டீர்கள், பிள்ளை பயந்துவிட்டது என்றாள். அந்த நாள் சிவஞானத்துக்கு ஞாபகமே இல்லை. அவருக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. அப்படி ஒரு நாளை அவர் தேடித் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

பூங்கோதை மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் திட்டவில்லை. அவளே பேசினாள்.

"அந்த ராமன் சார் இங்கிலீஷ்ல சொன்னப்பதாம்ப்பா, அதுல என்ன எழுதியிருக்குன்னே எனக்குத் தெரிஞ்சது. அச்சா இருந்துச்சுப்பா. நெசமாவே நல்லா இருந்துச்சு."

அதைக் கேட்டதும் சிவஞானத்துக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏகாம்பரம் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"பொண்ணைக் கோவிச்சுக்காதீங்க சார். அன்னிக்கு ஆபீஸ்ல என்கிட்ட அழுதா, அப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு. நான் சொன்னேன், நீ கோர்ட்ல உண்மையச் சொன்னா முப்பத்தெட்டுப் பேரும் பொழைப்பீங்க, சொல்லலேன்னா உங்கப்பா ஒருத்தர் பொழைப்பார்னு. முடிவு அவளோடதுதான். அவ மட்டும் மழையப் பத்தி நாலு வரி சொந்தமா எழுதியிருந்தா, இவ்வளவு தெரிஞ்சவ ஏம்மா எல்லாரும் எழுதினதையே எழுதினேன்னு கேட்டு, ஜட்ஜ் மனுவைத் தூக்கிப் போட்டிருப்பார்."

வக்கீல் போய்விட்டார். சிவஞானம் மகளின் தலையில் கை வைத்தார். நர்சிங் கல்லூரிக்கு நாளைக்கே போய்ச் சொல்லிவிட்டு வருவோம் என்று மட்டும் சொன்னார். பூங்கோதை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் பரமசிவம் வந்தார், முகமெல்லாம் பூரிப்பு. பின்னாலேயே ராஜாத்தி. இத்தனை வருஷம் காத்திருந்த சந்தர்ப்பம், விடுவாரா? வருத்தப்படுகிறவர் போல முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார், அது நிற்கவில்லை.

"ஏனுங்க அண்ணா, மனசுக்கு எடுத்துக்காதீங்க. டெல்லில பொறந்த புள்ளைங்க, அப்படித்தான் இருக்கும். ஒரு விதத்துல நல்லதாப் போச்சுங்க, உங்க பொண்ணக் கூப்பிட்டாங்க. எங்க ராஜாத்தியக் கூப்பிட்டிருந்தா மழையப் பத்திப் புதுசா நாலு பக்கம் எழுதித் தள்ளியிருப்பா. கேஸே போயிருக்குமுங்க."

சிவஞானத்துக்கு ரத்தம் கொதித்தது. நாக்கு நுனியில் வந்து நின்றது அந்த வார்த்தை. உம்ம மகளுக்கு மட்டும் தமிழ் வாசிக்க வருமாவே? யாரிடமாவது ஒரு தமிழ்ப் பத்திரிகை இருக்கும், வாங்கி ஒரு வரி வாசிக்கச் சொல்லுவோமாவே? ஒரே ஒரு வரி. சொல்ல வாயைத் திறந்தார்.

பரமசிவத்தின் தோளுக்குப் பின்னாலிருந்து ராஜாத்தி அவரைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை. கை இரண்டையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, வேண்டாம் மாமா, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். பூங்கோதை அப்பாவின் கையை இன்னும் இறுக்கமாகப் பிடித்தாள்.

"ஆமாவே," என்றார் சிவஞானம். "உம்ம மக எழுதியிருப்பா. நல்லாவே எழுதியிருப்பா."

பரமசிவம் சந்தோஷமாக மகள் பக்கம் திரும்பி, கேட்டியாம்மா, அண்ணனே சொல்லிட்டாரு என்றார்.